கூலியா, இனாமா: ஏற்றுமதியாளரின் சுங்கவரி வரவும் நீதிமன்றங்களும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் அரசமைப்புச் சட்டம், அடிப்படை உரிமை என்று கனமான தலைப்பை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சீட்டு. இப்போது அது சீட்டுகூட இல்லை, சுங்கத் துறைக் கணினியில் ஒரு பதிவு. வணிகர்கள் இதை 'லைசென்ஸ்' என்றும் 'ஸ்கிரிப்' என்றும் சொல்வார்கள். சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பியவருக்கு, அதன் எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றும்வரையிலான விலையில், இரண்டோ மூன்றோ ஐந்தோ சதவீதத்தை அரசு ரொக்கமாகக் கொடுக்காமல் வரவாகக் கொடுக்கிறது. அந்த வரவை வைத்து அவர் தாம் இறக்குமதி செய்யும் பொருளுக்குச் சுங்கவரி கட்டலாம். இறக்குமதியே செய்யாதவர் இன்னொருவருக்கு விற்றுவிடலாம். பத்து லட்ச ரூபாய் வரவைச் சற்றுக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர், பத்து லட்ச ரூபாய் வரியை அதைக் கொண்டு அடைத்துவிடுவார். இடையில் தரகருக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

இவ்வளவு எளிய ஏற்பாட்டுக்கு விற்பனை வரி அதிகாரி முதல் ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பு வரை ஏன் இத்தனை வழக்குகள்? என் எண்ணத்தில் காரணம் ஒன்றுதான். அரசு கொடுக்கும் இந்த வரவு கூலியா, தீபாவளி இனாமா என்று யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. கூலியென்றால் கேட்டு வாங்கலாம், பிடித்தம் செய்தால் வழக்குப் போடலாம். இனாமென்றால் முதலாளி மனது வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஏற்றுமதிப் பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும் வரிச் சுமையைத் திருப்பித் தருவதுதான் இந்த வரவு என்றால் அது கூலி. ஏற்றுமதி பெருகட்டும் என்று தருகிற பரிசு என்றால் அது இனாம். அரசு இரண்டையும் இடத்துக்குத் தகுந்தபடி சொல்லி வந்திருக்கிறது. ஏற்றுமதியாளர்களும் அப்படித்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

திட்டங்களின் வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தாராளமயத்துக்கு முன்பு ஆர்.இ.பி. லைசென்ஸ் இருந்தது. ஏற்றுமதி செய்தவருக்கு இறக்குமதி உரிமை கிடைக்கும், அதைப் பிரீமியம் வைத்து விற்கலாம். 1997 ஏப்ரல் 1 முதல் டி.இ.பி.பி. எனப்படும் சுங்கவரி உரிமைப் பாஸ்புத்தகத் திட்டம் வந்தது. 2011 செப்டம்பர் 30 வரை அது ஓடியது. 2015 ஏப்ரல் 1 அன்று எம்.இ.ஐ.எஸ். எனப்படும் சரக்கு ஏற்றுமதி ஊக்கத் திட்டம் தொடங்கி 2020 டிசம்பர் 31 உடன் முடிந்தது. மறுநாளே, 2021 ஜனவரி 1 முதல், ஏற்றுமதிப் பொருள்மீதான வரிகளைத் திருப்பித் தரும் ரோட்டெப் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு விகிதம் என்பதை ஏற்றுமதியாளர்கள் தெரிந்துகொண்டது 2021 ஆகஸ்ட் 17 அன்று. இடையில் ஏழரை மாதம், என்ன வரும் என்று தெரியாமலே விலை சொல்லிச் சரக்கு அனுப்பினார்கள். இந்தத் துறையில் இது புதிதல்ல.

முதல் சண்டை விற்பனை வரியில் வந்தது. லைசென்ஸை விற்றால் அது பொருள் விற்பனையா? சென்னை உயர் நீதிமன்றம் பி.எஸ். அப்பேரல்ஸ் வழக்கில் ஆம் என்றது. 1996இல் உச்ச நீதிமன்றமும் விகாஸ் சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் அதையே சொன்னது. சந்தையில் கைமாறுகிறது, தனக்கென்று ஒரு விலை இருக்கிறது, ஆகவே அது சரக்குதான். 2008இல் யாஷா ஓவர்சீஸ் வழக்கில் டி.இ.பி.பி.க்கும் அதே தீர்ப்பு. இந்த வழக்குகளில் ஏற்றுமதியாளர்கள் வைத்த வாதத்தைக் கவனியுங்கள்: இது பொருளே அல்ல, அரசிடம் எங்களுக்குள்ள ஓர் உரிமைக் கோரிக்கை மட்டுமே என்றார்கள். அதாவது கூலிப் பாக்கி. ஜி.எஸ்.டி. வந்தபோது முதலில் இந்த ஸ்கிரிப் விற்பனைக்கும் வரி போட்டு, 2017 அக்டோபர் 13 அன்று அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். அந்தச் சண்டை அத்துடன் ஓய்ந்தது. ஆனால் ஜி.எஸ்.டி.யில் இன்னொரு அடி விழுந்தது. இறக்குமதியின்போது கட்டும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யை ஸ்கிரிப்பைக் கொண்டு கட்ட முடியாது, அடிப்படைச் சுங்கவரியை மட்டுமே கட்டலாம் என்றானதும் வாங்குவோர் குறைந்தார்கள், சந்தை விலையும் சரிந்தது.

வருமான வரியில் கதை சுவையானது. தொழில் நிறுவனத்தின் உற்பத்தியிலிருந்து நேரே கிடைத்த லாபத்துக்குக் கழிவு தரும் பிரிவுகள் சில உண்டு. லைசென்ஸ் விற்ற பணம் அந்த லாபத்தில் சேருமா? மங்களூரில் இறால் பதப்படுத்தி அனுப்பிய ஸ்டெர்லிங் ஃபுட்ஸ் நிறுவனத்தின் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் சேராது என்றது. அந்தப் பணம் இறாலிலிருந்து வரவில்லை, அரசின் திட்டத்திலிருந்து வந்தது என்பது காரணம். 2009இல் லிபர்ட்டி இந்தியா வழக்கில் டி.இ.பி.பி., கட்டிய வரியைத் திருப்பித் தரும் டிராபேக் இரண்டையும் இதே தராசில் நிறுத்தினார்கள். வாங்கிய மூலப்பொருளின் அடக்க விலையைக் குறைக்கும் தொகையாகவே இதைப் பாருங்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. 2023இல் சராஃப் எக்ஸ்போர்ட்ஸ் தீர்ப்பும் அதே வழி. ஆக, இங்கே இனாம்.

ஆனால் 2012 பிப்ரவரியில் டாப்மேன் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கு வந்தது. அங்கே கேள்வி ஏற்றுமதி லாபத்துக்குக் கழிவு தரும் 80எச்எச்சி பிரிவைப் பற்றியது. டி.இ.பி.பி.யை விற்றால் விற்ற தொகை முழுவதுமே லாபமா, அல்லது முகமதிப்பைக் கழித்த மிச்சம் மட்டும் லாபமா? பார்த்தால் கணக்குப்பிள்ளைத் தகராறுபோல இருக்கும். ஆனால் பத்துக் கோடிக்கு மேல் ஏற்றுமதி செய்தவர்களுக்கு, 'விற்ற லாபம்' என்று எழுதப்படும் தொகைமீது கடுமையான கூடுதல் நிபந்தனைகள் இருந்தன. எனவே எந்தப் பெட்டியில் எவ்வளவு எழுதுகிறோம் என்பதில் கழிவு முழுவதுமே போய்விடும் அபாயம் இருந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் முழுத் தொகையும் லாபம் என்றிருந்தது. தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான அமர்வு அதை மாற்றியது. ஏற்றுமதிப் பொருளில் அடங்கிய இறக்குமதிப் பங்கின் மீதான சுங்கவரியைச் சமன் செய்யவே டி.இ.பி.பி. தரப்படுகிறது, அதற்கு அடக்க விலை உண்டு, அந்த அடக்கம் அதன் முகமதிப்பே என்றது. இங்கே அது கூலி. சட்டப் பிரிவுகள் வேறு, அதனால் முரண்பாடு இல்லை என்று நாம் வாதாடலாம். தொழிலில் இருப்பவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். மூன்றாண்டு இடைவெளியில் அவர் கையிலிருந்த அதே சீட்டுக்கு இரண்டு பிறவி.

அடுத்த ஆண்டு எக்ஸெல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் இன்னொரு சிக்கல் தீர்ந்தது. சுங்கவரிச் சலுகை எந்த ஆண்டின் வருமானம்? ஏற்றுமதி நடந்த ஆண்டா, அந்த உரிமையைப் பயன்படுத்தி இறக்குமதி செய்த ஆண்டா? இறக்குமதி நடக்கும்வரை அது கற்பனை வருமானமே என்றது உச்ச நீதிமன்றம். எனக்கு மிகப் பிடித்த தீர்ப்புகளில் ஒன்று. பல ஆண்டுகளாக ஒரே தொகையை இந்த ஆண்டா அடுத்த ஆண்டா என்று இழுத்தடித்த துறைக்கு, வரி விகிதம் மாறாதபோது அரசுக்கு இதில் என்ன நஷ்டம் என்றும் அது நினைவூட்டியது.

இனி நான் நின்று பேச விரும்பும் இடம்: கொடுத்ததை முன்தேதியிட்டுத் திரும்ப எடுக்கலாமா?

2003இல் அரசு ஒரு தாராளமான வாக்குறுதி தந்தது. அங்கீகாரம் பெற்ற பெரிய ஏற்றுமதியாளர்கள் முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் ஏற்றுமதியைக் கூட்டினால், கூடிய தொகையில் 10 சதவீதம் சுங்கவரி வரவு. குறைந்தபட்ச ஏற்றுமதி 25 கோடி இருக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் வைரம், தங்கம் முதலிய பொருள்களில் மதிப்புக் கூட்டல் ஏதுமில்லாமல் ஏற்றுமதிக் கணக்கு மட்டும் வானத்துக்குப் போயிற்று. ஒரே வைரம் போய் வந்து, போய் வந்து, ஒவ்வொரு தடவையும் ஏற்றுமதியாகக் கணக்கில் ஏறியது என்று அரசு குற்றம் சாட்டியது. 2004 ஜனவரியிலும் ஏப்ரலிலும் அறிவிப்புகள் வெளியிட்டு அத்தகைய பொருள்களை அரசு விலக்கியது, அதுவும் முடிந்துபோன ஏற்றுமதிக்கும் சேர்த்து.

கனக் எக்ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் அந்தத் தகராறு உச்ச நீதிமன்றம் போய், 2015 அக்டோபரில் நீதிபதிகள் சிக்ரி, நாரிமன் அமர்வு தீர்ப்பளித்தது. சலுகையைப் பொதுநலன் கருதி அரசு நிறுத்தலாம், மாற்றலாம், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஏற்கெனவே கைவந்த உரிமையை முன்தேதியிட்டுப் பறிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை. அதே மூச்சில், உண்மையான ஏற்றுமதியே செய்யாமல் காகிதத்தில் சுற்றவிட்டவர்களுக்கு அப்படி ஓர் உரிமை பிறக்கவேயில்லை என்றும் சொல்லிவிட்டது. கொள்கையில் ஏற்றுமதியாளர் வென்றார், வழக்கில் அந்த ஏற்றுமதியாளர்கள் தோற்றார்கள். அதே ஆண்டு மார்ச்சில் அவனி எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில், நான் முன்பு சொன்ன பத்துக் கோடி நிபந்தனையை 2005இல் கொண்டுவந்து 1998 முதல் செல்லும் என்று ஆக்கிய திருத்தத்தின் முன்தேதிப் பகுதியும் செல்லாமல் போயிற்று.

இந்தத் தீர்ப்புகள் வந்தபின் அரசு கையை அடக்கியிருக்கும் என்று நினைப்போம். திருப்பூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆயத்த ஆடைகளுக்கு எம்.இ.ஐ.எஸ். 4 சதவீதமாக இருந்தது. 2019 மார்ச் 7 அன்று ஆடைகளுக்கென மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தரும் தனித் திட்டம் வந்தது. எம்.இ.ஐ.எஸ். தொடர்கிறது என்ற நம்பிக்கையில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விலை சொல்லி, தைத்து, அனுப்பி, பணமும் வந்து சேர்ந்துவிட்டது. 2020 ஜனவரி இறுதியில் ஓர் அறிவிப்பு: ஆடைகளுக்கு எம்.இ.ஐ.எஸ். கிடையாது, 2019 மார்ச் 7 முதலே கிடையாது. இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்ட எஃப்.ஓ.பி. மதிப்பில் 1 சதவீதம் வரை ஒருமுறை உதவி என்றும் சொன்னார்கள். பின்னலாடைத் தொழிலில் லாப விளிம்பே சில சதவீதம்தான். போன வருடச் சரக்குக்கு இந்த வருடம் வாடிக்கையாளரிடம் கூடுதல் பணம் கேட்க முடியுமா? இங்கே வைரம் சுற்றிய கதை எதுவும் இல்லை. பனியன் உண்மையாகவே கப்பல் ஏறியது. இத்தகைய இடத்தில் முன்தேதி அறிவிப்பு தவறு என்பது என் உறுதியான கருத்து. நாளை முதல் நிறுத்துகிறேன் என்று சொல்ல அரசுக்கு முழு உரிமை உண்டு. நேற்று முதல் நிறுத்திவிட்டேன் என்று சொல்ல இல்லை.

பணம் போவதற்கு முன்தேதி அறிவிப்புகூடத் தேவையில்லை, ஓர் ஆங்கில எழுத்துப் போதும். 2015 ஜூன் முதல், ஏற்றுமதிக்காகச் சுங்கத் துறையில் கணினி வழி தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் இந்தச் சரக்குக்கு எம்.இ.ஐ.எஸ். கோருகிறேனா இல்லையா என்று ஒரு கட்டத்தில் 'ஒய்' அல்லது 'என்' குறிக்க வேண்டியிருந்தது. ஆம் என்பதற்கு ஒய், இல்லை என்பதற்கு என். நிரப்புகிறவர் பெரும்பாலும் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்துப் பையன். அவர் 'என்' தட்டிவிட்டால் அந்தப் பில் சுங்கத் துறைக் கணினியிலிருந்து, உரிமம் கொடுக்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யின் கணினிக்குப் போகவே போகாது. மாதங்கள் கழித்து ஏற்றுமதியாளர் விண்ணப்பிக்கும்போதுதான் பில்லே இல்லை என்று தெரியவரும். சுங்கத் துறை, நாங்கள் திருத்தினாலும் கணினி ஏற்காது என்று சொல்லும். டி.ஜி.எஃப்.டி., பில்லில் விருப்பம் தெரிவிக்கவில்லையே என்று சொல்லும். சரக்கு போனது, டாலர் வந்தது, பொருள் பட்டியலில் இருக்கிறது. இவற்றில் எதையும் யாரும் மறுப்பதில்லை.

தூத்துக்குடி சுங்க ஆணையருக்கு எதிரான பாஷா இன்டர்நேஷனல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதை நடைமுறைப் பிழை என்றே எடுத்துக்கொண்டு ஏற்றுமதியாளர் பக்கம் நின்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் போர்ட்டெஸ்கேப் வழக்கில் அதே வழியில் போனது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 149ஆம் பிரிவு இருக்கிறது. ஏற்றுமதி நடந்த நேரத்தில் கையிலிருந்த ஆவணங்களின் அடிப்படையில் ஷிப்பிங் பில்லைப் பின்னர் திருத்தலாம் என்கிறது அது. 2025 ஆகஸ்டில் ஷா நான்ஜி நாக்சி எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அங்கே சுங்கத் துறையே 149ஆம் பிரிவில் திருத்தம் செய்து கொடுத்திருந்தது, அப்படியும் டி.ஜி.எஃப்.டி. மறுத்திருந்தது. கவனக்குறைவான எழுத்துப் பிழையைக் காட்டித் தகுதியுள்ளவருக்குச் சலுகையை மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. ஆனால் திட்டம் முடிந்து நான்கரை ஆண்டு கழித்து வந்தது. அதுவரை வழக்குச் செலவு தாங்காமல் விட்டுவிட்ட சிறு ஏற்றுமதியாளர்கள் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் இடம்பெற மாட்டார்கள்.

வாங்கியவர் நிலை இன்னும் மோசம். சந்தையில் முழு விலை கொடுத்து டி.இ.பி.பி. வாங்கி, அதைக் கொண்டு வரி கட்டிச் சரக்கையும் எடுத்துவிட்டார். பிறகு அந்த லைசென்ஸே போலி என்று தெரிகிறது. அவர் பொறுப்பாளியா? 1962இலேயே ஈஸ்ட் இந்தியா கமர்ஷியல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு பாதிக்குப் பதில் சொல்லியிருந்தது. பொய் சொல்லி வாங்கிய உரிமம் ரத்தாகும்வரை செல்லும் என்றது. ஆனால் அச்சடித்த கள்ளச் சீட்டு தொடக்கம் முதலே வெற்றுக் காகிதம். 2022 செப்டம்பரில் முஞ்சால் ஷோவா வழக்கில், நல்லெண்ணத்துடன் வாங்கியவர் ஆனாலும் கள்ள டி.இ.பி.பி.க்கு வரி விலக்கு இல்லை, விசாரித்து வாங்கியிருக்க வேண்டும், நீட்டித்த காலவரம்பிலும் வசூலிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. சட்டப்படி சரி. ஆனால் அரசு முத்திரையோடு வந்த தாளை, அரசு அலுவலகத்திலேயே ஏற்றுக்கொண்ட தாளை, வாங்குபவர் வேறெப்படிச் சோதித்திருப்பார் என்று எனக்குப் புரியவில்லை. நல்லவேளை, இப்போது எல்லாம் மின்னணுக் கணக்கில் நடப்பதால் கள்ளச் சீட்டுக்கு இடம் குறைந்துவிட்டது.

பொய் சொல்லி வாங்கிய உரிமத்துக்கு 2012இல் 28ஏஏஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வாங்கியவரை விட்டு, மூலத்தில் ஏமாற்றிய ஏற்றுமதியாளரிடமே வரியைப் பிடிக்க இது வழி செய்தது. உடனே புதுக் கேள்வி: பொய் என்று முடிவுசெய்வது யார்? உரிமம் கொடுத்த டி.ஜி.எஃப்.டி. சும்மா இருக்க, சுங்கத் துறையோ வருவாய்ப் புலனாய்வு இயக்ககமோ தானாக முடிவுசெய்யலாமா? 2024இல் டிசைன்கோ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் முடியாது என்றது. கைவினைப் பொருளா, சாதாரண உலோகப் பொருளா என்ற வகைப்பாட்டுத் தகராறு அது. கொடுத்தவர் முதலில் ரத்து செய்யட்டும், அதன் பிறகே வசூல். டைட்டன் மெடிக்கல் சிஸ்டம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்பே காட்டிய வழிதான் இது. ஒரு கையால் அரசு கொடுத்ததை இன்னொரு கை சந்தேகிப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டுமல்லவா?

கடைசியாக ஜெனீவா. 2018 மார்ச் 14 அன்று அமெரிக்கா இந்தியாவின் ஏற்றுமதித் திட்டங்களுக்கு எதிராக உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. தனிநபர் தேசிய வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்ட நாடு ஏற்றுமதி மானியம் தரக்கூடாது என்பது மானிய ஒப்பந்தத்தின் விதி. அதையும் 1990ஆம் ஆண்டு மதிப்பில் கணக்கிட வேண்டும். இந்தியா அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. எம்.இ.ஐ.எஸ். மானியமல்ல, மறைமுக வரியைத் திருப்பித் தருவதே என்று இந்தியா வாதாடியது. உள்ளூரில், இது அரசின் கருணை, எப்போது வேண்டுமானாலும் எடுப்போம் என்று உயர் நீதிமன்றங்களில் பிரமாணப் பத்திரம் போடும் அதே அரசு! நடுவர் குழு 2019 அக்டோபர் 31 அறிக்கையில் இதை ஏற்கவில்லை. எந்தப் பொருளில் எவ்வளவு வரி அடங்கியிருக்கிறது என்று கணக்கே பார்க்காமல், கட்டமைப்புக் குறைபாட்டை ஈடுகட்ட என்று கொள்கையிலேயே எழுதிவைத்துவிட்டு, வரியைத் திருப்பித் தருவது என்றால் யார் நம்புவார்? 120 நாளில் எம்.இ.ஐ.எஸ்.ஸை விலக்கிக்கொள்ளச் சொன்னது. இந்தியா நவம்பர் 19 அன்று மேல்முறையீடு செய்தது. டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பே போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கியது.

அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் ரோட்டெப். வேறெந்த வழியிலும் திரும்ப வராத வரிகளை மட்டும் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொள்கிறது. அப்படியானால் அது முழுக்கக் கூலி. ஆனால் அறிவிப்பைப் படித்தால், ஒவ்வொரு நிதியாண்டும் பட்ஜெட் ஒதுக்கீட்டுக்குள் அடங்கியே திட்டம் நடக்கும் என்று ஒரு வாசகம் இருக்கிறது. நான் கட்டிய வரியைத் திருப்பித் தருவதற்கு ஒதுக்கீட்டு வரம்பா? அமெரிக்கா இந்தத் திட்டத்தையும் மானியமாகக் கருதி, அதற்கு ஈடான கூடுதல் வரியை இந்தியப் பொருள்மீது போட ஆரம்பித்துவிட்டது.

எனவே தொழில் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தச் சலுகையையும் விலைக்குள் வைத்துப் பேரம் பேசாதீர்கள், ஷிப்பிங் பில் நகலைக் கப்பல் கிளம்பும் முன்பே நீங்களே படித்துப் பாருங்கள். அரசுக்கு ஒரு வேண்டுகோள்: ரோட்டெப் அறிவிப்பிலுள்ள அந்தப் பட்ஜெட் வாசகத்தை நீக்குங்கள். அது அங்கே இருக்கும்வரை டெல்லியிலும் தோற்பீர்கள், ஜெனீவாவிலும் தோற்பீர்கள்.